டாக்டரம்மாவுக்கு 5, பார்மசிக்கு 2: அம்மாவோட கேன்சர் ட்ரீட்மெண்ட் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், ஆஸ்பத்திரி பேரும் டாக்டர் பேரும் இதுல இருக்காது, இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க. "மேடம் உங்கள பத்தி எழுதலாமா"ன்னு கேட்டுட்டு தான் எழுதறேன். "எழுதுங்க, பேர மட்டும் விட்டுருங்க, நாளைக்கே நான் வேற ஆஸ்பத்திரிக்கு போயிட்டா உங்க ரிவ்யூவ நம்பி வர்றவங்க யார பாப்பாங்க"ன்னாங்க. சென்னைல ஒரு மீடியம் சைஸ் ஆஸ்பத்திரி, அவ்ளோ தான் சொல்வேன். ஒரு வருஷத்துக்கு மேல போயிட்டு வந்துட்டு இருக்கோம். பொறுமை இல்லாதவங்க கீழ ஃபீஸ், பார்க்கிங், கேன்டீன் பத்தி எழுதிருக்கேன் அத மட்டும் படிச்சுட்டு கெளம்பிடலாம்.

எங்களுக்கு செய்யாறு பக்கம். நான் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், அப்பா இல்ல, அம்மாவுக்கு 58 வயசு. எடது பக்க மார்புல குளிக்கறப்ப கட்டி மாதிரி கைல தட்டுப்பட்டுருக்கு, வலி இல்ல, அதனால மூணு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடல. தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு இருந்தாங்களாம். கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் தான் சொன்னாங்க, அதுவும் என்கிட்ட இல்ல, என் பொண்டாட்டிகிட்ட. வலிச்சிருந்தா அன்னிக்கே ஓடிருப்போம், வலிக்காததுனால தான் லேட் ஆச்சு, இத படிக்கற பொம்பளைங்க கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

மொதல்ல போனது வேற ஒரு எடம், அதுக்கும் பேரு வேணாம். வாசல்ல பெரிய போர்டு, டாக்டர் பேருக்குப் பின்னாடி எழுத்து எழுத்தா ஒரு ரயில் பொட்டி கணக்கா போவுது. எம்.பி.பி.எஸ், எம்.எஸ், அப்பறம் எஃப்ல ஆரம்பிக்கறது ஒரு நாலு, அதுக்கப்பறம் வெளிநாட்டு ஊரு பேரு ரெண்டு. நான் அசந்துட்டேன். உள்ள போனா நாலே நிமிஷம். தொட்டு பாத்தாரு, ஸ்கேன பாத்தாரு, "கட்டிய எடுத்துடலாம், எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்பலாம், நாளைக்கே அட்மிட் ஆயிருங்க"ன்னாரு. வெளிய வந்தா ஒரு பொண்ணு பேக்கேஜ் ரேட்டு அடிச்ச தாளோட நிக்குது, இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா டிஸ்கவுண்ட் உண்டாம். கேன்சருக்கு ஆடி தள்ளுபடி!

அட்வான்ஸ் கட்ட கை பாக்கெட்டுக்கு போயிருச்சு, அது தான் உண்மை. பயத்துல இருக்கறவன் யாரு என்ன சொன்னாலும் கட்டுவான். நல்ல வேளையா பெரியப்பா பொண்ணு ஒருத்தங்க ஸ்டாஃப் நர்ஸ், அவங்களுக்கு ஒரு போன் போட்டேன். அவங்க கேட்ட மொத கேள்வி "பயாப்ஸி பண்ணாங்களா?" இல்லக்கா, கட்டிய எடுத்துட்டு தான் அனுப்புவாங்களாம்னேன். "ஊசி வெச்சு துளி சதை எடுத்து பாத்து, என்ன வகைன்னு தெரியாம கத்தி வைக்க விடாத, பணத்த கட்டாம வெளிய வா"ன்னாங்க. வந்துட்டேன். அந்த நர்ஸ் அக்காவுக்கு இந்த ரிவ்யூல தனியா 10/10.

அன்னிக்கு ராத்திரி அவங்க போன்ல எடுத்த பாடம் தான் இதுல நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம். கேன்சர் டாக்டர்னு ஒரே ஆளு கெடையாது, மூணு வகை இருக்கு. மருந்து குடுக்கறவங்க மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட், போர்டுல டி.எம்னு இருக்கும். வெட்டி எடுக்கறவங்க சர்ஜிக்கல் ஆன்காலஜிஸ்ட், எம்.சி.ஹெச்னு இருக்கும். நம்மூர்ல கரண்ட் வைக்கறதுன்னு சொல்வோம் பாருங்க, அந்த ரேடியேஷன் குடுக்கறவங்க எம்.டி ரேடியேஷன் ஆன்காலஜி, கொஞ்சம் பழைய ஆளா இருந்தா ரேடியோதெரபின்னு போட்டிருப்பாங்க. டி.எம்முக்கும் எம்.சி.ஹெச்சுக்கும் பதிலா டி.ஆர்.என்.பின்னு இருந்தாலும் அதே லெவல் தான். மத்தபடி ஃபெல்லோஷிப்புங்கறது சில மாசத்து ட்ரெயினிங்கும் உண்டு, ரெண்டு வருஷமும் உண்டு, எங்க எவ்ளோ நாளுன்னு கேட்டா தான் தெரியும். எம்.எஸ் மட்டும் படிச்ச சர்ஜன் மார்பு ஆபரேஷன் பண்ணவே கூடாதுன்னு இல்ல, எத்தனையோ ஊர்ல அவங்க தான் பண்றாங்க, நல்லாவும் பண்றாங்க. ஆனா என்ன படிச்சிருக்காங்கன்னு கேக்கறது நம்ம உரிமை, கேட்டா கோவப்படறவங்க கிட்ட இருந்து எந்திரிச்சு வந்துடு தம்பின்னாங்க. பேரோ ரெஜிஸ்டர் நம்பரோ தெரிஞ்சா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் சைட்லயே தேடி பாத்துக்கலாம், காசு கெடையாது.

வண்டி வாங்கறப்ப மைலேஜ், சர்வீஸ் சென்டர் எத்தனைன்னு வரைக்கும் கேட்டவன் நான். ஜெராக்ஸ் மெஷின் வாங்க மூணு தடவ பாரிமுனைக்கு போனவன். அம்மா ஒடம்ப குடுக்கறதுக்கு ஒரு கேள்வி கேக்கல பாருங்க.

சரி, ரெண்டாவது ஆஸ்பத்திரி. காலைல 4 மணி பஸ்ஸ புடிச்சு காஞ்சிபுரம் வழியா போய் சேந்து டோக்கன் வாங்கறப்ப நம்பர் 9. மூணு மணி நேரம் உக்காந்தோம், அதுக்கு ஸ்டார் கொறைச்சுக்கலாம் தான், ஆனா உள்ள போனப்பறம் தான் லேட்டுக்கு காரணமே புரிஞ்சுது, ஒருத்தருக்கு இருவது, இருவத்தஞ்சு நிமிஷம் எடுக்கறாங்க. டாக்டருக்கு ஒரு 35 வயசு இருக்கும், சின்னதா ஒல்லியா, காட்டன் சுடிதார், நான் மொதல்ல அசிஸ்டென்ட்னு நெனச்சு டாக்டர் எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டேன். சிரிச்சுட்டு "வந்து அரை நாளாச்சு, உக்காருங்க"ன்னாங்க.

அம்மாவ ஸ்க்ரீனுக்கு பின்னாடி படுக்க வெச்சு ரெண்டு பக்கமும் பாத்தாங்க, கம்முக்கூட்டுக்குள்ள, காலர் எலும்புக்கு மேலன்னு எல்லாம் தடவி பாத்தாங்க, மொத டாக்டர் கட்டிய மட்டும் தான் தொட்டாரு. அப்பறம் ஒரு வெள்ள தாள எடுத்து படம் போட்டு காட்டினாங்க, இது கட்டி, இது நெறி கட்டற எடம், இதுல எவ்ளோ தூரம் போயிருக்குன்னு தெரியணும், மொதல்ல பயாப்ஸி, அந்த சதைல மூணு விஷயம் பாப்போம், ஹார்மோன்ல வளருதா இல்லையான்னு ரெண்டு, ஹெர் டூன்னு ஒரு புரதம், அது தெரியாம நான் ஒரு மாத்திர கூட எழுத மாட்டேன்னு. அந்த தாள இன்னும் ஃபைல்ல வெச்சிருக்கேன்.

அப்ப தான் தைரியத்த வரவழைச்சுட்டு கேட்டேன். "மேடம் தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க எங்க படிச்சீங்க, எத்தன வருஷம்?" கேட்டுட்டு நானே தலைய குனிஞ்சுட்டேன், அம்மா தொடைல கிள்ளறாங்க. அந்தம்மா கோவமே படல. "கேக்கணும், கேக்காதவங்களுக்கு நானே சொல்லிருவேன்"னு சொல்லிட்டு வெரல விட்டு எண்ணினாங்க. எம்.பி.பி.எஸ் அஞ்சர வருஷம், அதுல கடைசி ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அப்பறம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ரெண்டு வருஷம் டூட்டி. எம்.டி ஜெனரல் மெடிசின் மூணு வருஷம். டி.எம் மெடிக்கல் ஆன்காலஜி மூணு வருஷம், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்ல. 2007ல ப்ளஸ் டூ முடிச்சு உள்ள போனவங்க 2021ல தான் டி.எம் முடிச்சு வெளிய வந்திருக்காங்க. "நடுவுல கோவிட் வேற, கடைசி வருஷம் பூரா பி.பி.இ கிட்டுக்குள்ள தான் வேர்த்தேன்." அதுக்கப்பறம் படிப்புக்கு எழுதி குடுத்த பாண்டுக்காக ரெண்டு வருஷம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி. என் ஜெராக்ஸ் கடைக்கே அவ்ளோ வயசு ஆகல.

இது மொத நாள் கேட்டது. மீதி கதை எல்லாம் ஒவ்வொரு தடவ போறப்ப கொஞ்சம் கொஞ்சமா அம்மா புடுங்கினது. எங்கம்மாகிட்ட அது ஒரு தெறமை, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க எறங்கறதுக்குள்ள சீட்டு போட்ட கணக்கு வரைக்கும் வாங்கிருவாங்க.

டாக்டரம்மாவுக்கு தென்காசி பக்கம் ஒரு கிராமம். அப்பா மினி பஸ் கண்டக்டர், அம்மா பீடி சுத்தறவங்க. அந்தப்பக்கம் வீட்டுக்கு வீடு அது தானாம், மடில சொளகு, அதுல பீடி எலையும் தூளும். எங்க ஊர்ல மொறம்னு சொல்றத அங்க சொளகும்பாங்களாம், அம்மாவுக்கு அந்த வார்த்தை புடிச்சுப்போய் இப்ப வீட்ல மொறத்த சொளகுன்னு தான் சொல்றாங்க. ஸ்கூல் விட்டு வந்தா டாக்டரம்மாவுக்கு வேலை பீடி தலைய மடக்கறது, 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு இவ்ளோன்னு கூலி. பயாலஜி புக்க சொளகுக்கு பக்கத்துல வெச்சு படிச்சதுனால புக்கு பூரா தூள் வாசனை வருமாம், கூட படிச்ச புள்ளைங்க ஓசில புக்கு வாங்க மாட்டாங்களாம்.

"பொயிலை தான் எனக்கு ஃபீஸ் கட்டுச்சும்மா, இப்ப நாள் பூரா அதோட தான் சண்ட"ன்னு ஒரு நாள் சொன்னாங்க, சாதாரணமா தான் சொன்னாங்க, எனக்கு தான் என்னமோ மாதிரி ஆயிருச்சு. வாய், தொண்டை, நுரையீரல்னு வர்ற ஆம்பளைங்கள உள்ள கூப்ட்டதும் மொத கேள்வி வெத்தலை பாக்கா, பொயிலையா, பீடியான்னு தான், அது வெளிய எங்களுக்கே கேக்கும். பீடின்னு சொன்னா திட்டுவாங்கன்னு பாத்தா திட்ட மாட்டாங்க, ஒரு நாளைக்கு எத்தன கட்டுன்னு தான் கேப்பாங்க. அவங்களுக்கு கட்டு கணக்கு நல்லாவே தெரியும்ல.

தமிழ் மீடியம் கவர்ன்மென்ட் ஸ்கூல். நுழைவுத்தேர்வ எடுத்துட்டு ப்ளஸ் டூ மார்க்க மட்டும் வெச்சு சீட்டு குடுத்தாங்களே, அந்த மொத வருஷத்து செட்டு அவங்க. திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ், பாளையங்கோட்டைல இருக்கறது. "அந்த ஒரு வருஷம் முன்னாடி பொறந்திருந்தா கோச்சிங் போக காசில்லாம பி.எஸ்சி தான் படிச்சிருப்பேன், பத்து வருஷம் பின்னாடி பொறந்திருந்தா நீட்டுக்கு காசில்ல"ன்னு சொன்னாங்க. இதுல அரசியல் பேச வரல, அவங்க சொன்னத சொல்றேன், கமெண்ட்ல சண்ட போடறவங்க வெளிய போய் போடுங்க. மொத வருஷம் அனாட்டமி கிளாஸ்ல இங்கிலீஷ் புரியாம, எலும்பு பேரெல்லாம் தமிழ்ல எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணிருக்காங்க.

இங்க தான் எனக்கு அவங்கள ரொம்ப புடிச்சுது. பொதுவா இந்த மாதிரி டாக்டர்ங்கள பேட்டி எடுத்தா எங்க பாட்டி கேன்சர்ல போனாங்க, அன்னிக்கே முடிவு பண்ணேன்னு ஒரு கதை இருக்கும். அம்மாவும் அத தான் எதிர்பாத்து "உங்க வீட்ல யாருக்காச்சும் வந்துச்சா கண்ணு, அதான் இத படிச்சியா"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, எனக்கு ஹார்ட் டாக்டர் ஆவணும்னு தான் ஆச, கார்டியாலஜிக்கு ரேங்க் எட்டல, கவுன்சிலிங்ல இந்த சீட்டு தான் கெடச்சுது, அழுதுக்கிட்டே தான் சேந்தேன்." அவ்ளோ தான். ஒரு பூசி மெழுகல் இல்ல.

மொத ஆறு மாசம் ஓடிடலாம்னு இருந்துச்சாம். எம்.டில நிமோனியா, பாம்புக்கடின்னு பாத்து அனுப்பி வெச்சுட்டு இருந்தவங்களுக்கு, இங்க வார்டுல ஒரே மொகத்த மாசக்கணக்குல பாக்கணும், சிலத திடீர்னு பாக்க முடியாம போயிரும். அப்ப அவங்கள புடிச்சு வெச்சது எது தெரியுமா, கணக்கு. கீமோ மருந்து பூராவும் கணக்காம், ஒயரம், எடை வெச்சு ஒடம்போட பரப்பளவு எவ்ளோன்னு போட்டு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தன மில்லிகிராம்னு தான் குடுப்பாங்களாம். "மனசு ஒடஞ்ச அன்னிக்கெல்லாம் கணக்க ரெண்டு தடவ சரி பாப்பேன், அது என் கைல இருக்கு இல்ல"ன்னாங்க. அம்மாவோட ஷீட்டுலயும் பாத்திருக்கேன், நர்ஸ் போட்ட கணக்குக்கு பக்கத்துல இவங்க கையால திரும்ப போட்டு டிக் அடிச்சிருப்பாங்க, ஒவ்வொரு தடவையும், ஒரு தடவ கூட விட்டதில்ல.

அவங்க சேருக்கு பின்னாடி செவுத்துல ஒரு வயசான அம்மாவோட போட்டோ இருக்கும், வெள்ள முடி, காட்டன் பொடவ. எங்கம்மா ரெண்டாவது விசிட்லயே "இது உங்கம்மாவா டாக்டரம்மா, மொகம் அப்பிடியே இருக்கு"ன்னு கேட்டுட்டாங்க. டாக்டருக்கு சிரிப்பு தாங்கல. அது டாக்டர் சாந்தா. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் சாந்தா அம்மா. எனக்கு பேரு தெரியும், 2021 ஜனவரில எறந்தப்ப நியூஸ்ல பாத்தது, மத்தது ஒன்னும் தெரியாது. அன்னிக்கு பஸ்ல வர்றப்ப தேட ஆரம்பிச்சு செய்யாறு வர்ற வரைக்கும் படிச்சுட்டே வந்தேன்.

அவங்க வந்த வழி இன்னும் விசித்திரம். 1927ல மயிலாப்பூர்ல பொறந்தவங்க, சர் சி.வி. ராமன் குடும்பம், இயற்பியல்ல நோபல் வாங்கின சந்திரசேகரும் சொந்தம், அந்த வீட்ல படிப்புக்கு கொறச்சல் இருந்திருக்காது. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல 1949ல எம்.பி.பி.எஸ். அப்ப பொம்பள டாக்டர்னா பிரசவம் பாக்கறது தான்னு இருந்த காலம், இவங்களும் 1952ல டி.ஜி.ஓ, 1955ல மகப்பேறுல எம்.டின்னு தான் போயிருக்காங்க. சர்வீஸ் கமிஷன் எழுதி பாஸாகி எழும்பூர் ஆஸ்பத்திரில கவர்ன்மென்ட் போஸ்டிங்கும் கைல வந்துருச்சு. அத விட்டுட்டு, தொறந்து ஒரு வருஷம் கூட முழுசா ஆகாத ஒரு சின்ன ஆஸ்பத்திரில 1955 ஏப்ரல்ல போய் சேந்திருக்காங்க. 1954 ஜூன்ல அத ஆரம்பிக்கறப்ப மொத்தமே 12 படுக்கை தான். கவர்ன்மென்ட் உத்யோகத்த விட்டுட்டு அங்க போறதுன்னா இன்னிக்கே நம்ம வீட்ல ஒத்துக்குவாங்களா?

அந்த ஆஸ்பத்திரிக்கு வித்து போட்டது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைக்காரங்க, சென்னை மாகாண சட்டசபைல மொத பொம்பள மெம்பர். அவங்க தங்கச்சி 1923ல கேன்சர்ல எறந்திருக்காங்க, மொதல்ல சீதபேதின்னு நெனச்சு வைத்தியம் பாத்து நாள் போயிருச்சாம். அந்த ஆத்தாமைய முப்பது வருஷம் சொமந்து, காசு சேத்து கட்டினது. கேன்சர்னா சாவு தானே, அதுக்கு எதுக்கு தனியா ஆஸ்பத்திரின்னு பெரிய மனுஷங்களே கேட்ட காலம் அது. அவங்க மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தா அம்மாவும் தான் அத தூக்கி நிறுத்தினவங்க. 1957லயே கோபால்ட் மெஷின் வந்துருச்சு, நம்ம கரண்ட் வைக்கறதோட பெரியம்மா மாதிரி அது. 1960ல கொழந்தைங்களுக்குன்னு தனி வார்டு. சாந்தா அம்மா கல்யாணம் பண்ணிக்கல, அந்த ஆஸ்பத்திரி வளாகத்துலயே குடியிருந்து, 93 வயசு வரைக்கும். பத்ம விபூஷண் வரைக்கும் குடுத்தாங்க.

இதுல நான் சேத்து புடிச்ச விஷயம், எங்க டாக்டரம்மா படிச்சாங்களே அந்த டி.எம், அப்பறம் எம்.சி.ஹெச், கேன்சருக்குன்னு அந்த படிப்ப நாட்டுலயே மொதல்ல ஆரம்பிச்சது அடையாறுல தான், 1984ல. அதுக்கு முன்னாடி கேன்சர் பாத்தவங்க நெறைய பேர் வேற எதையாவது படிச்சுட்டு வேலைல இருந்தே கத்துக்கிட்டவங்க, சாந்தா அம்மாவும் அப்பிடி தான், படிச்சது பிரசவம். நான் அடுத்த தடவ போறப்ப இத டாக்டர்கிட்ட சொன்னேன். "அவங்க கைல கெடச்சத விட்டுட்டு வந்தாங்க, நான் கேட்டது கெடைக்காம வந்தேன், அதான் போட்டோவ எனக்கு பின்னாடி மாட்டிருக்கேன், நேரா பாத்தா வெக்கமா இருக்கும்"னு சிரிச்சாங்க.

ட்ரீட்மெண்ட்டுக்கு வர்றேன். ரிப்போர்ட் வந்துச்சு, ஹார்மோன் ரெண்டும் பாசிட்டிவ், ஹெர் டூ நெகட்டிவ், கட்டி பெருசு, கம்முக்கூட்டுலயும் நெறி. அதனால மொதல்ல கீமோ குடுத்து கட்டிய சுருக்கிட்டு அப்பறம் ஆபரேஷன்னு முடிவு. இத அவங்க ஒரு ஆளா முடிவு பண்ணல, சர்ஜன், கரண்ட் டாக்டர் எல்லாரும் உக்காந்து பேசற ஒரு மீட்டிங் வாரா வாரம் இருக்கு, அதுல வெச்சு தான் பண்ணாங்க. மொத எடத்துல சொன்னபடி நாளைக்கே வெட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டேன், அவங்க இன்னொரு டாக்டர பத்தி கொற சொல்லவே இல்ல, "இப்ப இங்க வந்துட்டீங்க இல்ல"ன்னு முடிச்சுட்டாங்க. எனக்கு தான் கொஞ்சம் ஏமாத்தம், நாலு வார்த்த திட்டுவாங்கன்னு பாத்தேன்.

மொத நாலு கீமோ மூணு வாரத்துக்கு ஒரு தடவ, செவப்பு மருந்து. பாட்டில்ல ரோஸ் மில்க் மாதிரி இருக்கும், ஏறினப்பறம் யூரின் செவப்பா போகும், ரத்தம் இல்ல பயப்படாதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, சொல்லாம இருந்திருந்தா அம்மா அன்னிக்கே மயங்கிருப்பாங்க. அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எக்கோ எடுக்க சொன்னாங்க. மார்புல கட்டி, இதயத்துக்கு எதுக்கு டெஸ்ட், பில்லு ஏத்தறாங்களோன்னு எனக்கு சந்தேகம், வாய விட்டே கேட்டுட்டேன். அந்த மருந்து இதயத்த பலவீனமாக்கலாம், அதனால ஆயுசுக்கே இவ்ளோ தான்னு ஒரு எல்லை உண்டு, உங்கம்மாவுக்கு சதுர மீட்டருக்கு 60, நாலு தடவைக்கு 240, நாங்க 450 தாண்ட விட மாட்டோம், ஆனாலும் ஆரம்பத்துல இதயம் எப்பிடி இருக்குன்னு தெரியணும்னு புட்டு புட்டு வெச்சாங்க. எக்கோ ரிப்போர்ட்ட அவங்களே ரெண்டு நிமிஷம் ஆசையா பாத்தாங்க, அது எனக்கு தெரிஞ்சுது. அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு, "பாத்தியா, சாமி எதையும் முழுசா புடுங்காது, ஹார்ட்ட பாக்க வெச்சுட்டான் பாரு"ன்னாங்க.

ரெண்டாவது கீமோ முடிஞ்ச ஒம்பதாவது நாளு ராத்திரி அம்மாவுக்கு 101 காய்ச்சல். 100.4 தாண்டினா மாத்திர போட்டு படுக்காதீங்க, எந்நேரம்னாலும் கூப்பிடுங்கன்னு ஒரு நம்பர் குடுத்திருந்தாங்க, பதினோரு மணிக்கு மேல, எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சு தான் போட்டேன். ட்யூட்டி டாக்டர் எடுத்தாரு, பத்தே நிமிஷத்துல டாக்டரம்மா லைன்ல வந்தாங்க, சென்னை வரைக்கும் வர வேணாம், பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எதுவோ அங்க போங்க, வெள்ளணு பாக்க சொல்லுங்க, ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம ஆன்டிபயாடிக் ஊசிய ஆரம்பிக்க சொல்லுங்கன்னு. அங்க இருந்த டாக்டர்கிட்ட போன்லயே பேசினாங்க. நாலு நாள் அட்மிஷன், சரியாயிருச்சு. 5 ஸ்டார் இந்த ஒரு ராத்திரிக்கு தான், மத்ததெல்லாம் அதுக்கு மேல.

செவப்பு மருந்துக்கப்பறம் வாராவாரம் 12 ஊசி, வேற மருந்து. கால் வெரல் மரத்து போச்சு, இன்னும் கொஞ்சம் இருக்கு. முடி கொட்டுனது பத்தி அம்மா ஒன்னும் பேசல, திருப்பதிக்கு குடுத்ததா நெனச்சுக்கறேன்னு முடிச்சுட்டாங்க. அப்பறம் ஆபரேஷன், சர்ஜன் நல்ல மனுஷன், பேச்சு தான் கம்மி. கரண்ட் 15 நாளு, சனி ஞாயிறு லீவு. இப்ப தெனம் ஒரு மாத்திர, அஞ்சு வருஷமாச்சும் போடணுமாம்.

இப்ப கொறைங்க. பார்மசி கொடுமை. ஒரே கவுன்டர், கீமோவுக்கு வந்தவங்களும் இருமல் மருந்துக்கு வந்தவங்களும் ஒரே வரிசைல, சீட்டு குடுத்து மருந்து கைக்கு வர ஒன்னர மணி நேரம், அது வரைக்கும் கீமோ ஏத்தற டே கேர்ல சேர் காலியா கெடக்கும், அம்மா வெளிய பெஞ்சுல. நான் ரெண்டு தடவ கம்ப்ளெயின்ட் புக்ல எழுதினேன், மூணாவது தடவ புக்கையே காணோம். பார்க்கிங் கெடையாது, கார்ல போறவங்க ரோட்ல விட்டுட்டு போலீஸ பாத்துக்கிட்டே உக்காரணும். கேன்டீன் சாம்பார் கீமோ இல்லாதவங்களுக்கே வாந்தி வரும், தயிர் சாதம் மட்டும் பரவால்ல, அம்மாவுக்கு நாங்க வீட்ல இருந்தே கஞ்சி எடுத்துட்டு போயிருவோம். பில்லுல கையுறை, பஞ்சுன்னு தனித்தனியா போடறாங்க, கேட்டா வெளக்கம் சொல்றாங்க ஆனா கொறைக்க மாட்டாங்க.

கன்சல்டேஷன் 700, ஒரு வாரத்துக்குள்ள ரிப்போர்ட் காட்ட போனா ஃபீஸ் இல்ல. கீமோ மருந்துல கம்பெனி மருந்தும் இருக்கு, அதே மருந்து கம்மி வெலைலயும் இருக்கு, டாக்டரம்மா கம்மி வெலைய தான் எழுதினாங்க, ரெண்டும் ஒன்னு தானான்னு நான் மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் அதே பதில பொறுமையா சொன்னாங்க. ஆபரேஷனும் கரண்ட்டும் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல போச்சு, வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆனா அட்மிஷனுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கணும், வருமான சான்றிதழ், ரேஷன் கார்டு ரெண்டையும் ரெடியா வெச்சுக்கோங்க. ஜெராக்ஸ் நெறைய கேப்பாங்க, எனக்கு அது மட்டும் ஃப்ரீ.

டே கேர் நர்ஸுங்க 4.5. அதுல ஒரு மணிப்பூர் பொண்ணு இருக்கு, அம்மாவோட நரம்ப ஒரே தடவைல புடிக்கறது அது மட்டும் தான், தமிழ் ஆறு வார்த்த தெரியும், அதுல ஒன்னு "வலிக்காது".

போன செக்கப்ல எல்லாம் நார்மல்னு சொன்னதும் அம்மா எந்திரிக்காம உக்காந்துட்டு "அந்த கார்டியாலஜி கெடைக்கலன்னு இன்னும் வருத்தம் இருக்கா கண்ணு"ன்னு கேட்டாங்க. டாக்டரம்மா பேனாவ மூடிட்டு "அக்டோபர்ல திரும்ப வருவீங்கல்ல, அப்ப சொல்றேன், டோக்கன சீக்கிரம் போடுங்க, இன்னிக்கு உங்களால தான் வெளிய 14 பேர் நிக்கறாங்க"ன்னாங்க.

டோக்கன் காலைல 7 மணிக்கே ஆரம்பிச்சுடுவாங்க, போன்ல போட முடியாது, நேர்ல தான். செவ்வாய்க்கிழமை கூட்டம் கம்மி. அம்மா இப்பவே ரெண்டு படி வேர்க்கடலைய காய வெச்சு டப்பால போட்டு வெச்சிருக்காங்க, அக்டோபருக்கு.